இடது முழங்கை அழுக்கு

சலவைக்கடையில் வருஷக்கணக்காக இஸ்திரி போடுகிறவளிடம் ஒரு சட்டை பொய் சொல்ல முடியுமா? அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுவதால் அவர் சட்டையில் வலது முழங்கைதான் எப்போதும் கறுத்திருக்கும். இப்போது கொஞ்ச நாளாக, லீவு அன்றைக்குச் சீவிச் சிங்காரித்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிற நீலச் சட்டையில் இடது முழங்கை கறுத்திருந்தது.

"எங்கதான் போறீங்க?"

"சும்மா, கால் போன போக்குல."

சும்மாவாம்! சும்மா போகிற மனுஷனுக்கு எதற்குச் சென்ட்? எவளோ ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டு ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு இவர் கதை அளக்கிறார். அடுத்த லீவு அன்றைக்குக் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு, அக்காவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவர் போய் ஏறியது வேறொரு பஸ்ஸில். கூட்டத்தோடு கூட்டமாக அவளும் ஏறி அவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலில் இடது முழங்கையை ஊன்றி, மகாராஜா மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் ஸ்டாப் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் பிரேக் மிதிப்பதுபோலத் தானாகத் தரையை அழுத்தியது. வீட்டில் டிவி பார்க்கும்போதும் அந்தக் கால் அப்படித்தான். அடப்பாவி மனுஷா, லீவுலயும் பஸ்ஸா! அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும், எவளாவது வழியில் ஏறுவாளோ?

எவளும் ஏறவில்லை. பை நிறையக் காய்கறியோடு ஒரு பெரியவர்தான் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"மர வியாபாரங்க. ஊர் ஊராப் போவேன். ஒரு இடத்துல தங்குறதே இல்ல."

"பிள்ளைகுட்டி?"

"கல்யாணமே பண்ணிக்கலைங்க. அந்தத் தொல்லை எதுக்கு?"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. ஒருத்தி இருந்திருந்தால் அவளை நாலு வார்த்தை கேட்டுவிட்டு இவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இல்லாத ஒருத்தியிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? கண்ணாடிக்குள் கண் கலங்கியது.

பெரியவர் இறங்கியதும் அவள் எழுந்துபோய் அந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏய்... நீ எப்படி..."

"யாருங்க நீங்க? மர வியாபாரியா?" என்றாள் அவள், முன்பின் தெரியாதவளைப் போல. "எனக்கும் இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

பக்கத்தில் ஸ்டாப் எதுவும் இல்லை. அவருடைய வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.