உள்ளங்கையில் ஒரு முக்கோணம்

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் மாலைப் படகில் அவர் எப்போதும் எனக்கு முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. பெயரை நான் கேட்டதில்லை. படகு கிளம்பியதும் தமிழ்நாட்டிலிருந்து மகள் வீடியோ காலில் வருவாள். உடனே பேனாவை எடுத்து, உள்ளங்கையில் முக்கோணம் வரைந்து கேமராவுக்குக் காட்டுவார்.

ஒருநாள் வெளிக்கோணக் கணக்கு. உள்ளெதிர்க் கோணங்கள் ஐம்பதும் அறுபதும். மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது என்று தொடங்கினார். மூன்றாவது கோணம் எழுபது என்று கண்டுபிடித்தார். அதையும் நூற்றெண்பதிலிருந்து கழித்து நூற்றுப்பத்துக்கு வருவதற்குள் படகு பாதிக் காயலைத் தாண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் ஃபோனை வைத்ததும் கேட்டுவிட்டேன்.

"இவ்ளோ சுத்து எதுக்கு, சாரே? ஐம்பதையும் அறுபதையும் கூட்டினா ஒரே வரியிலே கிட்டுமே!"

"தெரியும் சார்," என்றார், கையைத் துடைத்தபடி. "ஒரே வரியில சொன்னா உடனே வச்சிடுவா. கணக்குக்கு மட்டும்தான் என்னைக் கூப்பிடுறா."



மறுநாள் அவர் பேனாவை எடுப்பதற்குள் மகளின் குரல் கேட்டது. "அப்பா, அந்த ரெண்டையும் கூட்டினாலே போதுமாம். மிஸ் சொல்லிட்டாங்க."

எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அப்படியா?" என்றார். "அது எப்படிம்மா சரியா வரும்? அப்பாவுக்கு விளங்கலையே. கொஞ்சம் மெதுவா சொல்லிக் குடேன்."