நாலாவது மாடிக் கோழிகள்

பா... ப்பா... ப்பாப்பாப்பா...

சாரம் பகுதியில், அடுக்கு வீடுகளுக்கு நடுவே தப்பிக் கிடக்கிற ஓர் ஓட்டு வீட்டின் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு பெண், வெயில் ஏறிய பதினோரு மணிக்கு, நொய்யரிசி இறைத்துக் கோழிகளைக் கூப்பிடுகிறாள். ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். கூப்பிட்டால் ஓடிவரும் என்று தெரிந்து கூப்பிடுகிற குரல். அது தெரியாமல் கூப்பிடுகிற குரலையும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். எட்டு வயதில், ஒரு கேசட்டின் கடைசியில்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டம் அத்தை போட்டது. அப்பாவின் ஒரே தங்கை. கிணற்றடித் தண்ணீர் வீணாகக் கூடாதென்று வாய்க்கால் கீறி, கத்திரியும் வெண்டையும் நட்டு, புடலைக்குப் பந்தல் போட்டு, காய் கோணாமல் நீள நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு, குஞ்சிலிருந்து ஆறு கோழிகளை ஆளாக்கியவள். கல்யாணம் ஆனதும் அத்தனையையும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரான்சுக்கு விமானம் ஏறினாள். மாமா அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சொல்தா மாப்பிள்ளை என்றால் எங்கள் தெருவில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். பெண்ணிடம் கேட்கவும் மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அத்தை என்றால் எங்களுக்கு ஒரு கேசட். ஒரே ஒரு கேசட். ஊருக்கு வருகிறவர் கையில் வரும், போகிறவர் கையில் போகும். அவள் பேசியதைக் கேட்டு முடித்து அதன் மேலேயே நாங்கள் பேசி அனுப்புவோம். எங்களைக் கேட்டுவிட்டு எங்கள் மேல் அவள் பேசுவாள். இன்னொரு கேசட் வாங்கி இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, டேப்ரெக்கார்டர் முன்னால் அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். வெறும் உடம்போடு பிரான்சுக்குப் பேசுவது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில், யாரைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எந்தப் பையனுக்கு வேலை நிரந்தரமாயிற்று, கொய்யா இந்த வருஷம் எப்படிக் காய்த்தது என்று வாசிப்பார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அழுகை கடல் தாண்டக் கூடாது.

“அது அங்க தனியா ஒக்காந்து கேக்கும். நல்லத மட்டும் சொல்லு.”

ஆகவே கிணறு வற்றியது போகவில்லை. கீரிப்பிள்ளை ஒரு கோழியை இழுத்துக்கொண்டு போனது போகவில்லை. அம்மா பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் போகவில்லை. அத்தையும் இந்த வீட்டுப் பெண்தானே, அவளிடமிருந்தும் நல்லது மட்டும்தான் வந்தது.

அந்த வருஷம் பங்குனியில் வந்த கேசட்டில், குளிர் குறைந்துவிட்டது என்றாள். ரொட்டி பழகிவிட்டது, மாமா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்றாள். “எங் கோழிங்க சத்தத்த ஒருவாட்டி புடிச்சி அனுப்பு அண்ணி” என்றாள். “சரி, வெச்சிடறேன்” என்று அவள் சொன்னதும் அப்பா வழக்கம்போல டக்கென்று நிறுத்தினார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நான் தனியாகக் கேசட்டை ஓடவிட்டேன். வெச்சிடறேன் என்றதற்கு அப்புறமும் அது ஓடியது. அத்தை நிறுத்த மறந்திருக்கிறாள். நாற்காலி நகர்ந்தது. குழாய் திறந்து மூடியது. பிறகு ஒன்றுமேயில்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு ஒன்றுமில்லாததை நான் கேட்டதே கிடையாது, காக்கை இல்லை, சைக்கிள் மணி இல்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. அப்புறம் மெல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல, பா... ப்பா... ப்பா... என்றாள் அத்தை. நிறுத்தினாள். மறுபடி கூப்பிட்டாள். சளி பிடித்திருக்க வேண்டும், நடுநடுவே மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அத்தை அங்கேயும் கோழி வளர்க்கிறாள்! ஆனால் அவை வரக் காணோமே. பிரெஞ்சுக் கோழிக்கு நம் ஊர்க் கூப்பாடு எப்படிப் புரியும்? எங்கள் கோழிகள் கற்றுக் கொடுக்கட்டும் என்று டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அத்தை கூப்பிடுகிற இடத்துக்குச் சரியாகச் சுற்றி வைத்து, நொய்யை வாரி இறைத்து, ஓடுகிற பொத்தான், பதிகிற பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். அங்கே அவள் கூப்பிட, இங்கே இவை பதில் சொல்லும் என்பது என் ஏற்பாடு.

அம்மாவை இழுத்து வந்து போட்டுக் காட்டியபோது, கேசட்டில் எங்கள் கோழிகளின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

“அங்க ஏதுடி கோழி?”

“இருக்குதும்மா! அத்தை கூப்ட்டுச்சு. அதுக்கு சளி புடிச்சிருக்குது. மூக்க உறிஞ்சிக்கினே கூப்ட்டுச்சு.”

அம்மா கையிலிருந்த கீரைத் தண்டை ஒடிக்காமல் வைத்திருந்தாள். “எத்தினி வாட்டி உறிஞ்சிச்சு?” என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சல். “அப்பாகிட்ட சொல்லாத” என்றாள்.

அந்த ஞாயிறு தன் முறை வந்தபோது, அப்பாவின் சட்டத்துக்கு அடங்கிய குரலிலேயே அம்மா சொன்னாள்: “இந்த கத்திரி வெயிலுக்கு லீவு போட்டுட்டு ஒருவாட்டி வந்துட்டுப் போயேன் பாப்பா. ஒன் செடியெல்லாம் ஒன்ன கேக்குது.” அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வந்தார்கள், அத்தையும் மாமாவும். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, செருப்போடு வீட்டுக்குள் நடந்து தோட்டத்துக்குப் போனாள் அத்தை. கோழிகளை எண்ணினாள். ஐந்து. அம்மாவைப் பார்த்தாள்.

“கீரிப்பிள்ள” என்றாள் அம்மா.

“அதானே. கேசட்ல ஒரு கொரல் கொறஞ்சிதேன்னு பாத்தேன்.”

அன்றைய சாப்பாட்டில் மீன்குழம்புக்கு நடுவே, எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன்: “அத்தை, அங்க ஒனக்கு எத்தினி கோழி?”

மாமாவுக்குப் புரையேறியது. “கோழியா? நாங்க இருக்கறது நாலாவது மாடிம்மா! ஜன்னல்ல துணி காயப் போட்டாவே கீழ்வீட்டு மதாம் சண்டைக்கு வரா.”

அத்தை என்னையே பார்த்தாள். “நாலு” என்றாள்.

மாமா நல்லவர். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று அவரும் சேர்ந்துகொண்டார். “ஆமாமா, மாடிக்கு ஒண்ணு.” எல்லோரும் சிரித்தார்கள். அம்மா குழம்பு எடுத்துவர எழுந்து போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

அந்த மாதம் முழுக்க, செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற நேரமெல்லாம் எனக்கு அந்த நாலு கோழிகளின் சேதிதான். குளியல் தொட்டியில் படுத்துக்கொள்ளுமாம். ஒன்று பனியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளுமாம். இன்னொன்று மாமாவின் பூட்ஸுக்குள்தான் முட்டையிடுமாம், அவர் தெரியாமல் காலை விட்டு அலறுவாராம். சொல்லச் சொல்ல அத்தையின் முகம் சிவந்து அழகாகிவிடும். ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“கோழி இருக்குதுன்னு ஒனக்கு யார்டி சொன்னா?”

கேசட்டைச் சொன்னேன். குடத்துத் தண்ணீர் முழுக்க ஒரே கத்திரிச் செடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணன் அந்த சத்தத்த கேட்டாரா?”

“இல்ல. அதும்மேல நான் நம்ம கோழியப் புடிச்சிட்டேன்.”

அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், கிணற்றடியில் அவள் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது.

“அண்ணி, நான் போவாம இங்கியே இருந்துட்டேன்னா அண்ணன் என்னா சொல்லுவாரு?”

“வாயத் தொறந்து கேட்டாதான தெரியும்.”

“எங்க வீட்டுக்காரரு கெட்டவரு இல்ல அண்ணி. மாசக்கணக்குல வெளிய அனுப்பிடறாங்க அவர. செவுத்துகிட்ட எத்தினி நாள் பேசறது?”

“மொதல்ல நீ கேளு.”

அத்தை கேட்கவில்லை. அப்பா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நிற்பாள், வாய் வரைக்கும் வரும், “காபி போடட்டா அண்ணே?” என்பாள். அந்த வாரம் அப்பா நிறையக் காபி குடித்தார். எனக்கோ வேறு கவலை. அத்தை இங்கேயே இருந்துவிட்டால் அந்த நாலும் என்ன ஆவது?

இப்போது அத்தைக்கு அங்கே பேரன் இருக்கிறான். போனில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள். நடுவில் போன வருஷங்கள் எப்படிப் போயின என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் நல்லதைத்தான் சொல்வாள்.

அன்று அவர்கள் கிளம்புகிற காலை, மெட்ராஸுக்குப் போக வாடகைக் கார் வாசலில் நின்றது. வடகமும் ஊறுகாயும் ஏறியாயிற்று. மாமா முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கதவைப் பிடித்தபடி நின்றாள், ஏறவில்லை. அம்மா என்ன சொல்லிவைத்தாளோ, அப்பா ஜன்னலருகே குனிந்தார். செய்திக் குரல் அன்று அவருக்கு வரவில்லை.

“மாப்ள, பாப்பா வேணும்னா... கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமே?”

மாமா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். “அது இஷ்டம் மச்சான். நான் என்னா சொல்லப் போறேன்.”

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை அப்பாவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

எனக்குப் பதறியது. பூட்டின வீட்டில், குளியல் தொட்டியில், ஒரு மாதமாக நாலு ஜீவன். பெரியவர்கள் ஒருவருக்காவது அந்த நினைப்பு இருக்கிறதா?

“அய்யோ, ஏறு அத்தை! கோழிங்கல்லாம் பட்டினியா கெடக்குமே. ஒன்ன உட்டா அதுங்களுக்கு யாரு இருக்கா?”

தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அத்தை ஏறிக் கதவைச் சாத்தியிருந்தாள். கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, என் கன்னத்தைத் தொட்டாள்.

“ஆமாண்டி தங்கம். மறந்தே போயிட்டேன் பாரு.”