எட்டாவது வாரத்துக்குப் பிறகு

முதலில் வந்தது தாகம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் எனக்கு வேலை. வெளியே குளிர் நடுக்கும்போதும் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தேன். பிறகு மலச்சிக்கல், குமட்டல். சோற்றை இரண்டு வாயோடு மூடிவைத்தேன்.

என் மனைவி செல்வி மூன்று வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நான் தனியாக இருக்கிறேன். செல்வியின் கால் உளைச்சலுக்குக் குவைத் டாக்டர் கொடுத்த விற்றமின் டி மாத்திரை அவளுக்கு நல்ல சுகம் தந்ததாம். எனக்கு முழங்கால் வலி என்பதால், ஊருக்கு வந்த ஒருத்தியிடம் நான்கு போத்தல் கொடுத்தனுப்பினாள். மேலே அரபு எழுத்து. எப்படிப் போடுவது என்று கேட்காமலே தினமும் ஒன்று போட்டேன்.

ஒரு மாதத்தில் வலி குறைந்தது. எதுவரை போடுவது என்று அப்போதே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அழைத்தால் செல்வி, "மாத்திரை போட்டீங்களா?" என்பாள். "இப்பத்தான் போட்டேன்" என்பேன். அவ்வளவு தூரத்திலிருந்து என்னைக் கவனித்துக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

தாகமும் குமட்டலும் தொடங்கித் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனபோது, "வேற ஏதாச்சும் மருந்து எடுக்குறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில், வாட்டும் விசிறியின் சுவிட்ச் எது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக நான் போடும் சுவிட்ச். கூட வேலை செய்யும் மணியம் என்னை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகும் வழியில் லயத்தில் இறங்கி, என் வீட்டு அலமாரித் தட்டில் கண்ட மாத்திரைப் போத்தலையும் எடுத்துக்கொண்டான்.

பெண் டாக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருந்ததாம்.

"இது வாரத்துக்கு ஒன்னு. எட்டு வாரத்துல நிறுத்தணும். நீங்க எப்படிப் போட்டீங்க?"

"அஞ்சு மாசமா, தினமும் ஒன்னுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரத்தத்தில் கல்சியம் மிதமிஞ்சியிருந்தது (விற்றமின் டி அளவு மீறினால் உடல் கல்சியத்தை அதிகமாக உறிஞ்சிவிடும்). சிறுநீரகமும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்தது. சேலைன் (இரத்த நாளம் வழி ஏற்றும் உப்புநீர்) ஏற்றினார்கள்.

"நிறுத்திட்டா சரியாகிடுங்களா?"

"உடனே ஆகாது. அது ஒடம்புக் கொழுப்புல சேந்து கெடக்கு. மெதுவாத்தான் போகும்."

பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களுக்குச் சாப்பாட்டோடு ஆட்கள் வருவார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஐந்தாம் நாள் போனில் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான்தானே அனுப்புனேன்" என்றாள்.

"நீ நல்லதுக்குத்தான் அனுப்புன. கேக்காம போட்டது நான். மருந்தகத்துல மறைச்சதும் நான்தான்."

 

இதைப் படிக்கும் உங்களிடமும் இப்படி ஒரு போத்தல் இருக்கலாம். அன்பாக யாரோ கொடுத்ததாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் அதையும் எடுத்துப் போங்கள். எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள்.

நான் விழுங்கி முடித்த மாத்திரைகள் நிறுத்திய பிறகும் மூன்று மாதம் எனக்குள் வேலை செய்தன. காலண்டரில் மாத்திரையை நிறுத்திய நாள் ஒன்று, உடம்புக்குள் அது நிற்கும் நாள் வேறொன்று என்று வாழ்ந்தேன். கடைசிப் பரிசோதனையில் கல்சியம் சரியாக இருந்தது. சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை. திரும்பும்போது ஹட்டன் பஸ் நிலையத்தில், பல மாதத்துக்குப் பிறகு, எனக்குப் பசித்தது. அது பசிதான் என்று புரியவே சற்று நேரமாயிற்று. இரண்டு ரொட்டி வாங்கினேன். நான் ஏற வேண்டிய தோட்டத்துப் பஸ் புறப்பட்டுப் போனது. நான் மெதுவாகத் தின்றுகொண்டிருந்தேன்.