வாடகைக்கு வீடு உண்டு, வந்தவர்களுக்கு இல்லை

பினாங்கில் வீட்டுத் தரகு செய்பவளுக்குச் சாவிக்கொத்தைவிடப் பொறுமைதான் முக்கியம், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் கதவைத் திறப்பதற்கு முன் தன் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லி முடிப்பார். நீங்களும் வாடகை வீடு தேடி அலைந்தவராகத்தான் இருப்பீர்கள். எந்த ஊர், என்ன சாப்பாடு, யார் யார் வந்து போவார்கள் என்ற விசாரணையில் வியர்த்து நின்றிருப்பீர்கள். ஆகவே நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

போன வருஷம் யூசுப் என்ற ஒருவனுக்கு வீடு தேடினேன். பர்மாவிலிருந்து ஓடி வந்த ரோஹிங்கியா அகதி. புல் வெட்டும் வேலை. மனைவி நூர் மாசமாக இருந்தாள். சுங்கை பினாங்கில் அவர்கள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வீடு வேண்டும். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அவர்களோடு பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

தேத்தண்ணியும் கப்பலும்

முதலில் துணிக்கடை பாயிடம் போனேன். கடைக்கு மேல்மாடி வெகுநாளாகக் காலி, புறாக்கள்தான் குடியிருந்தன. பாய் தேத்தண்ணி வரவழைத்து, தன் தாத்தா நாகூரிலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கிய கதையை ஆரம்பித்தார். முன்பின் தெரியாத ஒரு செட்டியார் தன் கடை வாசலில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது பாய்க்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

இதைவிட நல்ல நேரம் அமையாது என்று யூசுப்பைப் பற்றிச் சொன்னேன். அவனும் மூட்டையோடு வந்தவன்தான், அதுவும் உங்கள் மார்க்கம்தான் அண்ணே என்றேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"எங்க தாத்தா வந்தப்ப ஊரு காலியா கெடந்துச்சு தங்கச்சி. இப்ப எங்கலா எடம்?"

மெல்பர்ன் போன்

அடுத்து, ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டீச்சர். கூடத்தில் அவருடைய தாத்தா ரயில்வே உத்தியோக உடுப்பில் படமாக நின்றார். டீச்சருக்குச் சொந்தமாக இன்னொரு வீடு, சுவர்களுக்குப் புதுச் சாயம் அடித்துக் காத்திருந்தது. "என்ன படிச்சவர்?" என்று கேட்டார். புல் வெட்டுபவர் என்றதும், பாவம்தான், ஆனால் வெளிநாட்டு ஆட்களை நம்பி எப்படி விடுவது என்று மெதுவாகச் சொன்னார். கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு மரியாதை.

நான் செருப்பை மாட்டும்போது மெல்பர்னிலிருந்து மகளின் போன். வெகுநேரம் பேசிவிட்டு டீச்சர் முகம் வாடி வாசலுக்கு வந்தார்.

"அங்க என்ர மகளுக்கு ஒருத்தரும் வீடு குடுக்கினமில்ல, வெளிநாட்டுக்காரியாம். என்ன அநியாயம், பாருங்கோ."

கட்டாத பானை

கையை விரிக்கத்தான் நூரிடம் போனேன். அறையில் எல்லாம் மூட்டையாகிவிட்டது. சோற்றுப் பானை மட்டும் வெளியே இருந்தது. ஓடி ஓடிப் பழகியவள், கட்டும் விதத்திலேயே தெரிந்தது. கீழே சுவரை உடைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்கள வேணாம்னா பரவால்லக்கா. பிள்ள எங்கேருந்தும் வரலன்னு சொல்லுங்க, அது இங்கதான பொறக்கப் போவுது."

ஒரே ஒரு கேள்வி

கடைசியாக, ஜெலுத்தோங்கில் காலி வீடு வைத்திருந்த சீனக்கார மேடம் லிம். யூசுப்பையும் நூரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், பெரிய எதிர்பார்ப்பில்லை. அந்த வீட்டு வாசல் மாமரத்தடியில் சின்னக் கோயில் மாதிரி சிவப்புக் கூண்டு ஒன்று, அதற்குள் டத்தோவின் சிலை. டத்தோவை உங்களுக்குத் தெரியும். யாரும் வருவதற்கு முன்பே இந்த மண்ணைக் காத்த ஆவி. சொங்கோக் தொப்பி, சாரோங் எல்லாம் அணிந்த மலாய்க்காரர், முஸ்லிம். கும்பிடுவது மட்டும் சீனர்கள். அந்தப் பக்கம் போனால் நானும் ஒரு கும்பிடு போடுவேன்.

முன்பு குடியிருந்தவர்கள் அந்த முற்றத்திலேயே பன்றியை வாட்டினார்களாம். அன்றிலிருந்து குழாய் வெடித்தது, கூரை ஒழுகியது, மேடத்துக்கு முட்டி வலி. எல்லாம் டத்தோவின் கோபம். அதனால் வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். யூசுப்பை ஏற இறங்கப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. பன்றி சமைப்பாயா என்று மட்டும் கேட்டார். யூசுப்புக்கு முகம் சிவந்துவிட்டது. நான் முஸ்லிம், மேடம் என்றான். மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இப்போது பயம் எனக்கு. யூசுப் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை நான் தொட வேண்டியிருக்குமா என்று கேட்டான். வேண்டாம், வியாழக்கிழமைதோறும் நானே வந்து ஊதுபத்தி வைப்பேன் என்றார் மேடம். அவன் நூரின் பக்கம் திரும்பினான். அவள் ஏற்கெனவே சமையலறைக்குள் நின்று பானையை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றான். உங்களுக்கு அவர்களைப் பிடித்திருக்கிறதா மேடம் என்று நன்றி பொங்கக் கேட்டுத் தொலைத்தேன்.

"டத்தோவுக்குப் பிடிச்சா போதும், மிஸ். எனக்குப் பிடிக்கணும்னு என்னலா கட்டாயம்?"

வியாழக்கிழமை

பெண் குழந்தை. பார்க்கப் போனது ஒரு வியாழக்கிழமை மாலையாக அமைந்துவிட்டது. மேடம் லிம் கூண்டின் முன் கைகூப்பி நின்றார். வெற்றிலை, பழம் எல்லாம் வைத்திருந்தது. ஊதுபத்தி மட்டும் கட்டுப் பிரிக்காமல் பைக்குள் இருந்தது. மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். நூரின் ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டினார்.

"டத்தோகிட்ட சொல்லிட்டேன், வீட்டுல பச்சப்புள்ள இருக்கு, கொஞ்ச நாளைக்குப் புகை வேணாம்னு."

இந்த ஊருக்கு முந்தி வந்தவர்கள் கதவையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் முந்தி இருந்தவர் ஒருவர்தான், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காமல் வீடு கொடுத்தார்.