சந்தனப் பொட்டு வைத்த இடம்

நான் விமானம் துடைக்கிறவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. திருபுவனையில் ஒரு கம்பெனியில் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டார்கள். பிறகு பாகூர் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே சிறிய ஓடுதளம் போட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் சேர்ந்தேன். எங்கள் ஊர் சோரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் போய்விடலாம். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அங்கே இரண்டு சின்ன விமானங்கள். உள்ளே முள் ஓடுகிற கடிகாரங்கள் இல்லை. டிவி மாதிரி இரண்டு திரைகள்தான். விரல்ரேகை இல்லாமல் அவற்றைத் துடைத்து வைப்பேன். கிளப்புவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வரிசை மனப்பாடம். மெயின் சுவிட்ச் போட்டதும் திரை விழிக்கும். முதலில் கட்டத்துக்குக் கட்டம் சிவப்பில் பெருக்கல் குறி நிற்கும். வேகம் தெரியவில்லை, உயரம் தெரியவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மறைந்து எண்கள் வரும். அப்புறம் ஜன்னலைத் திறந்து “கிளியர்” என்று கத்திவிட்டு இன்ஜினைக் கிளப்புவார்கள்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், புறப்படப்போன விமானத்தின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று நினைத்து ஓடிப்போய்க் கையை ஆட்டினேன். கதவு சரியாகத்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் மெக்கானிக் அண்ணன், “இன்னாம்மா, அடுத்த வாரம் நீயே ஓட்டிக்கினு பூடுவ போலருக்கே” என்றார். சிரித்தார்கள். சொல்லிக்கொடுக்கிற சாரும் சிரித்தார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஆயுதபூஜை வந்தது. காலையில் இரண்டையும் கழுவினேன். மெக்கானிக் அண்ணன் பூசணிக்காயோடு வந்தார். சார் அதைப் பார்த்துவிட்டு, “அதை உடைக்கணும்னா கேட்டுக்கு வெளிய போய் உடை. விதை ஒண்ணு கெடக்கக் கூடாது, பறவை வரும்” என்றார். இறக்கைக்கு மாலை வேண்டாம், மூக்கில் சின்னதாகப் பொட்டு வைத்தால் போதும் என்றும் சொன்னார்.

மூக்கில் வைத்தேன். கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. விமானத்தின் இடது பக்கம், கதவுக்கு முன்னால், காசு அளவில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு உண்டு. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. பொட்டு வைக்கவே செய்தது மாதிரி இருக்கும். சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

அந்த ஓட்டையை எனக்குத் தெரியாமல் இல்லை. கழுவும்போது அதன்மேல் டேப் ஒட்டி, முடிந்ததும் உரித்துவிடுவேன். “அது வழியா வர்ற காத்தை வெச்சுத்தான் ஒசரம், வேகம் ரெண்டும் கண்டுபுடிக்குது” என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். அன்றைக்கும் மறக்காமல் டேப்பை உரித்தேன். உரித்த இடத்திலேயே பொட்டு வைத்தேன். பொட்டும் டேப் மாதிரி அடைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. வில்லியனூர் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே படித்துக்கொண்டிருந்தாள். என் மகள் வயசு. என்னை அக்கா என்பாள். தனியாக ஓட்டுவது அவளுக்கு அது மூன்றாவது தடவை. நல்ல நாள் பார்த்து அவள் அம்மா கேட்டு வாங்கிய முறை. ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவளும் பார்த்தாள். அந்தத் தகடு வந்ததும் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“கிளியர்” என்றாள். இன்ஜின் கிளம்பியது. நான் இடது பக்கமாகப் பின்வாங்கி நின்றேன். வெயில் அந்தப் பக்கம் அடித்தது. சந்தனம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் வெடித்திருந்தது, நடுவில் மட்டும் வெடிக்கவில்லை. ஓட்டை தெரியவில்லை.

அப்போதுதான் டேப் ஞாபகம் வந்தது.

சார் பத்தடி தள்ளி வாக்கிடாக்கியோடு நின்றார். போய்ச் சொல்லியிருக்கலாம். சின்னப் பொட்டுதானே, இதற்குப் போய் நிறுத்தினால் என்ன சொல்வார்களோ என்று நினைத்தேன். எல்லாம் கம்ப்யூட்டர்தானே, ஏதாவது தப்பு என்றால் சிவப்புக் குறி போடும், அவளே நிறுத்துவாள் என்றும் நினைத்தேன். விமானம் நகர்ந்து ஓடுதளத்தின் கோடிக்குப் போனது. அங்கே நின்று இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தாள். ரோட்டில் கடலூர் பஸ் வந்து, நின்று, ஆள் ஏற்றி, போனது. அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.

விமானம் தரையை விட்ட பிறகுதான் ஓடினேன். சாரிடம் இல்லை, மெக்கானிக் அண்ணனிடம். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த ஓட்டையில பொட்டு வெச்சிட்டேன்.”

“எந்த ஓட்டை?”

கையால் காட்டினேன். டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

அதற்குள் சாரே மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “ஏன் மூக்கை இறக்குது இந்தப் பொண்ணு? ஏறும்மா, ஏறு!”

மேலே என்ன நடந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. உயரம் தரையில் இருந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. ஏற ஏற வேகம் குறைவதாகத் திரை காட்டியது. வேகம் குறைந்தால் விழுந்துவிடுவோம் என்று அவள் மூக்கை இறக்கினாள். சிவப்புக் குறி ஒன்றுகூட வரவில்லை. திரைக்குத் தெரியாவிட்டால்தான் சிவப்புக் குறி வரும். தப்பாகத் தெரிந்தால் எண்ணைத்தான் காட்டும்.

மெக்கானிக் அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் சார் வாக்கிடாக்கியைத் தூக்கினார். குரல் மாறிவிட்டது, மெதுவாகப் பேசினார். “திரையைப் பார்க்காதே. வெளிய பாரு. ஏரி தெரியுதா? அடிவானத்தைப் பாரு. இன்ஜின் சத்தம் நல்லா இருக்கில்ல? இப்ப மாத்துக் காத்துக் குமிழ் இருக்கும் பாரு, அதை வெளிய இழு.”

பாகூர் ஏரிப் பக்கம் விமானம் பனைமரங்களுக்குக் கொஞ்சம் மேலேதான் போவது மாதிரி இருந்தது. பிறகு கரகரவென்று அவள் குரல். “இழுத்துட்டேன் சார். இப்ப நம்பர் ஓடுது.” அந்தக் குமிழை இழுத்தால் வெளி ஓட்டைக்குப் பதிலாக உள்ளே இருக்கிற காற்றை வைத்துக் கணக்குப் போடுமாம்.

இறங்கினாள். சக்கரம் இரண்டு தடவை குதித்தது. கீழே இறங்கியதும் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சார் என்னைத் திட்டவில்லை. அவளைத்தான் திட்டினார், தொட்டுப் பார்க்கிறதென்றால் கும்பிடுகிறதா என்று. ஒரு மாசம் தனியாக ஓட்டக் கூடாது என்றார். என்னிடம், “ஓடிவந்து சொன்னியே, அந்த வரைக்கும் நல்லதும்மா” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் அவள் கை கழுவுகிற இடத்துக்கு வந்தாள். “அக்கா, அதை நீங்க எப்பப் பார்த்தீங்க?”

“நீ மேல ஏறும்போதும்மா. பார்த்ததும் ஓடியாந்துட்டேன்.”

“நல்லவேளைக்கா” என்று என் கையைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது.

அவள் படிப்பு முடிந்து போய்விட்டாள். நான் இன்னும் அந்த விமானத்தைத்தான் துடைக்கிறேன். கடலூர் பஸ் வந்து நிற்கும்போது இப்போதும் துணியை வைத்துவிட்டு அது கிளம்பும்வரை பார்க்கிறேன். நெடுநேரம் நிற்கிறது.