எழுப்பாமல் விட்ட தூக்கம்

மும்தாஜ் அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தபோது, கோட்டைக்குப்பத்தில் ஒரு பெரியவரின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "உங்கக்கா போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்ளோதான்" என்றார். கட்டுப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அக்காவும் அப்படித்தான் செய்திருப்பார்.

பழவேற்காட்டுக் குப்பங்களில், இனி குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போகும் வலிதணிப்புக் குழுவில் நாங்கள் இருவரும் செவிலியர்கள். இந்தக் குப்பங்களில் இருக்கும் உங்களில் பலருடைய வீட்டுக்கு அக்கா வந்திருக்கிறார். நோயாளியிடம் பேசி முடித்ததும், பக்கத்தில் நிற்பவரிடம் "நீ எப்பம்மா தூங்குன?" என்று கேட்பாரே, நினைவிருக்கும்.

பசியாவரத்தில் இறால் பிடிக்கும் ஆறுமுகத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். அவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று மனைவி கஸ்தூரி எங்களைத் தடுத்திருந்தார். ஒருநாள் அவரே கரகரத்த குரலில், "இனிமே ஏரில எறங்க முடியாதா?" என்று கேட்டார். அக்கா கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி மெல்லத் தலையசைத்த பிறகே, "முடியாதுண்ணா. ஏரியப் பாக்கணுமா?" என்றார். நாற்காலியோடு கரைக்குத் தூக்கிப் போனோம். கஸ்தூரி தண்ணீரை அள்ளி அவர் காலில் ஊற்றினார். இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

பிறகு ஒரு மதியம், கஸ்தூரி நிற்க முடியாமல் தள்ளாடினார். "நான் இருக்கேன், போய்ப் படு" என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார் அக்கா. ஆறுமுகத்தின் மூச்சு மாறத் தொடங்கியது. "இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் தூங்கட்டும்" என்றார் அக்கா. நேரம் இருக்கவில்லை; கஸ்தூரி தூங்கும்போதே அவர் போய்விட்டார்.

"என்னை ஏன் எழுப்பல? இத்தினி நாளு பாத்தவ நானு!" என்று கஸ்தூரி கதறினார். திரும்பும் வழியில் அக்கா, "நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். பின்னர் அவர் போனபோதெல்லாம் கஸ்தூரி வெளியே வரவே இல்லை.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் கஸ்தூரி துக்க வீட்டுக்கு வந்தார். "கோவம் எப்பவோ போயிடுச்சு. வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். இப்ப யார்கிட்ட சொல்றது?" என்றார்.

அக்கா இதைக் கேட்காமலே போய்விட்டார். இனி ஆறாத வருத்தம் அது.

கஸ்தூரியிடம் ஒன்று சொன்னேன். ஆறுமுகம் போன பிறகு யாரைத் தூங்க அனுப்பினாலும், "மூச்சு மாறுனா உடனே எழுப்பட்டுமா?" என்று அக்கா முதலில் கேட்டுவிடுவார்.

"என்னாலயா?"

"உங்களாலதான்."

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். நேற்று லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு மகளிடம் கேட்டேன். "எழுப்புங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொண்டாள்.