எதிர்க்கடைப் பலகை

எங்கள் தெரு முடிதிருத்துபவரிடம் இருப்பது ஒரே நாற்காலி. எதிரே வந்த ஏசி சலூன் 'பாதி விலை' என்று பலகை வைத்ததும் அவர் ஈ ஓட்டினார்; கடையை மூடவே நினைத்தார்.

சலூன் முதலாளியின் அப்பா படுத்த படுக்கை. அவரைக் கவனித்துக்கொள்வது நான். மகனின் ஆட்கள் சவரம் செய்ய வந்தால் கையைத் தட்டிவிடுவார். பழைய ஆள்தான் வேண்டுமாம். கடைசியில் மகனே தெருவைக் கடந்து போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, அப்பா உங்களைத்தான் கேக்குறாரு."

"வரேன் தம்பி. முதல்ல அந்தப் பலகையைக் கழட்டு."

"கழட்டலேன்னா?"

"உங்கப்பா சாமியாராயிடுவாரு."

மாலையே பலகை இறங்கியது; பெரியவரின் தாடியும் இறங்கியது. பழைய வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். தாடியிலிருந்து சாப்பாட்டைத் துடைத்தெடுக்கும் வேலை எனக்கும் மிச்சம்.